சம்பளச் சீட்டைப் படிப்போம்

(பெங்களூருவில் ஆயத்த ஆடைத் தொழிலாளர்களுக்கான ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் தொண்டர் ஒருவர் பேசியது)



நானும் உங்களைப் போல ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள்தான். ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். பத்தாம் வகுப்பு வரை படித்தேன். பதினெட்டு வயதில் ஹெல்பராகச் சேர்ந்தேன். நூல் பிசிறு வெட்டினேன். பிறகு மிஷின் பழகி டெய்லர் ஆனேன். இப்போது எனக்கு இருபத்து நான்கு வயது.

இன்று பாடப் புத்தகம் வேண்டாம். உங்கள் பையில் இருக்கும் சம்பளச் சீட்டை எடுங்கள். அதுதான் இன்றைய பாடம்.

ஒரு மணி நேரத்தில் எத்தனை காலர் தைத்தோம் என்று சூப்பர்வைசர் எழுதிக்கொள்கிறார். நம் வேலையை எண்ண ஆள் இருக்கிறது. நம் கூலியை யார் எண்ணுவது? நாம்தான் எண்ண வேண்டும்.

சீட்டில் என்ன இருக்கிறது?

சீட்டு ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று மடித்து வைத்துவிடாதீர்கள். எண்கள் எல்லா மொழிக்கும் பொது. ஐந்து இடங்களைப் பார்த்தால் போதும். பெயர், வேலை செய்த நாட்கள், மொத்தச் சம்பளம், பிடித்தம், கைக்கு வரும் தொகை.

கரும்பலகையில் ஒரு கணக்குப் போடுவோம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் பி.எஃப். நூற்றுக்கு 12 ரூபாய். ஆக 1,200 ரூபாய். இ.எஸ்.ஐ. நூற்றுக்கு முக்கால் ரூபாய். 2019 ஜூலையில் வந்த விகிதம் இது. ஆக 75 ரூபாய். இரண்டும் போக, கைக்கு வருவது 8,725 ரூபாய்.

“1,275 ரூபாய் போச்சே!” என்கிறீர்கள். போகவில்லை. இ.எஸ்.ஐ. நம் மருத்துவத்துக்கு. பி.எஃப். நம் சேமிப்பு. முதலாளியும் தன் பங்காக 1,200 ரூபாய் செலுத்த வேண்டும். அதில் 833 ரூபாய் பென்ஷனுக்குப் போகிறது. மீதி 367 ரூபாய் நம் பி.எஃப். கணக்கில் சேர்கிறது. நம் 1,200, அவருடைய 367. மாதம் 1,567 ரூபாய். பன்னிரண்டு மாதத்துக்கு எவ்வளவு? பெருக்கிப் பாருங்கள். 18,804 ரூபாய்! வட்டி தனி.

இந்தப் பணம் சேர்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒவ்வொருவருக்கும் 12 இலக்க எண் ஒன்று இருக்கிறது. அதை யு.ஏ.என். என்பார்கள். வேலை மாறினாலும் இந்த எண் மாறாது. இதைக் கொண்டு கைபேசியிலேயே கணக்கைப் பார்க்கலாம். சம்பளத்தில் பிடித்தும் கணக்கில் கட்டாத இடங்கள் உண்டு. மாதாமாதம் பார்த்தால்தான் தெரியும்.

பெயரையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஓர் அக்காவுக்கு ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப். கணக்கில் வேறொரு பெயர். மகள் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் கேட்டபோதுதான் அது தெரிந்தது. திருத்தம் முடிவதற்குள் கட்டணம் கட்டும் நாள் கடந்துவிட்டது. ஓர் எழுத்தின் விலையைப் பார்த்தீர்களா?

தெருவுக்கு வந்த பெண்கள்

2016 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு விதியை அறிவித்தது. பி.எஃப்.இல் முதலாளியின் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்றது அந்த விதி. அப்போது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 18, 19 தேதிகளில் இதே பெங்களூருவில் ஆயிரக்கணக்கான ஆடைத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். ஓசூர் சாலை நின்றது. துமகூரு சாலை நின்றது. கல்வீச்சும் தடியடியும் நடந்தன. 19ஆம் தேதியே விதியைத் திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது.

அந்தப் பெண்களுக்கு ஏன் அத்தனை கோபம்? வீட்டு வாடகை, அரிசி, பள்ளிக் கட்டணம் எல்லாம் போனால் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. பி.எஃப். ஒன்றுதான் அவர்களுடைய சேமிப்பு. அது தங்கள் பணம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் கேட்டார்கள்.

அவசரத்துக்கு எங்கே போவது?

அவசரம் எல்லார் வீட்டிலும் வரும். பத்து ரூபாய் சம்பாதித்தால் பதினொரு ரூபாய் செலவு காத்திருக்கும். உடனே ஐந்து வட்டிக்குக் கடன் வாங்குகிறோம். ஐந்து வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய். 10,000 ரூபாய்க்கு மாதம் 500. வருடத்துக்கு 6,000. அசல் அப்படியே நிற்கும். அதே 10,000 ரூபாய்க்கு பி.எஃப். கணக்கில் 2024-25ஆம் ஆண்டுக்கு அறிவித்த வட்டி 825 ரூபாய். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

சிலர் பி.எஃப். பணத்துக்காகவே வேலையை விடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். நோய், படிப்பு, திருமணம், வீடு போன்ற தேவைகளுக்கு, வேலையில் இருக்கும்போதே ஒரு பகுதியை எடுக்க விதியில் இடம் உண்டு. பென்ஷன் பெறப் பத்து வருடச் சேவை வேண்டும். பென்ஷன் பங்கையும் எடுத்துவிட்டால் அந்த வருடங்கள் கணக்கில் வராது. மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

முன்னேற்றம் என்றால் என்ன?

என் வயதுப் பிள்ளைகள் முன்னேற்றம் என்றால் புது கைபேசி, வண்டி என்கிறார்கள். ஆசைப்படுவதில் தவறில்லை. எனக்கும் ஆசைகள் உண்டு. ஆனால் ஹெல்பராக இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாதம் இரண்டு நாள் சம்பளம் குறைந்தது. வேலைக்குப் போன நாட்களை நான் ஒரு நோட்டில் குறித்து வைப்பது வழக்கம். நோட்டையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். “எல்லாம் சரியாகத்தான் இருக்கும், போம்மா” என்றார்கள். நோட்டைத் திறந்து தேதிகளைக் காட்டினேன். அடுத்த மாதம் அந்தப் பணம் வந்தது.

அதற்குப் பிறகு எங்கள் லைனில் நான்கு பேர் நோட்டு வாங்கினார்கள். நான் பார்த்த முன்னேற்றம் இதுதான். தலை நிமிர்ந்து, கையில் கணக்கோடு, மரியாதையாகக் கேட்பது. தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் நான்கு பேராகப் போய்க் கேட்போம்.

நீங்கள் கையெழுத்துப் போடப் பழகியாயிற்று. இனிமேல் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவோம். எண்ணிப் பார்த்துக் கூலி வாங்குவோம்.

செய்து பார்ப்போம்

1. உங்கள் சம்பளச் சீட்டில் பெயர், வேலை செய்த நாட்கள், பிடித்தம் எங்கே இருக்கின்றன? கோடிட்டுக் காட்டுங்கள்.
2. உங்கள் 12 இலக்க எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள்.
3. நீங்கள் வாங்கிய கடனுக்கு ஒரு வருட வட்டி எவ்வளவு? கணக்கிடுங்கள்.