ஓரங்குலச் சிப்பாயின் சட்டை நிறம்



எகிப்தில் அஸ்யூத் என்ற ஊரருகே, மெசெஹ்தி என்னும் மாகாணத் தலைவரின் கல்லறையில் இரண்டு மரப்படைகள் கிடைத்தன. ஒரு பலகையில் நாற்பது நூபிய வில்லாளிகள், இன்னொரு பலகையில் நாற்பது எகிப்திய ஈட்டி வீரர்கள். வயது ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டு. ஈட்டிக்காரர்கள் எல்லோரும் இடதுகாலை முன்வைத்து ஒரே சீராக நடக்கிறார்கள். ஆனால் எல்லோரும் ஒரே உயரமில்லை. கையிலிருக்கும் மாட்டுத்தோல் கேடயங்களைப் பாருங்கள்: ஒன்றில் கரும்புள்ளி, ஒன்றில் செந்திட்டு, இன்னொன்றில் வேறொரு கோலம். அவற்றுக்கு வண்ணம் தீட்டியவர் படையை மொத்தமாகப் பார்க்காமல் ஆள் ஆளாகப் பார்த்திருக்கிறார்.

இன்று நான் பேசப்போவது அந்தக் கைவேலையின் இக்கால வாரிசைப் பற்றி. வரலாற்றுப் படைவீரர்களின் சிற்றுருவங்களை வாங்கி, வீட்டு மேசையில் வைத்து, வண்ணம் தீட்டும் பொழுதுபோக்கு அது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரியவர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் இதில் ஈடுபட்டிருக்கிறார்கள். பொம்மை விளையாட்டு என்று இதைத் தள்ளிவிடுவோரும் உண்டு. நான் இதை ஓவியக்கலையின் ஒரு கிளையாக மதிக்கிறேன். வரலாற்றைப் படிக்கும் ஒரு வழியாகவும் மதிக்கிறேன்.

பொம்மையாகத்தான் தொடங்கியது, மறுக்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரக் கைவினைஞர்கள் வெள்ளீயத்தைக் கல்லச்சில் வார்த்துத் தட்டையான சிப்பாய்களைச் செய்தார்கள். 1893-இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் ஒரு புது வழி கண்டார். உருகிய ஈயக்கலவையை அச்சில் ஊற்றுவது, ஓரம் உறைந்தவுடன் மீதியை வெளியே கொட்டிவிடுவது. உள்ளே வெற்றிடம், அதனால் உலோகமும் மிச்சம், விலையும் குறைவு. 1913-இல் ஹெச். ஜி. வெல்ஸ் இத்தகைய சிப்பாய்களை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்கு விதிநூலே எழுதி வெளியிட்டார். 1935-இல் பிரிட்டனில் இந்த ஆர்வலர்களுக்கென்று ஒரு சங்கமும் வந்துவிட்டது. கடைக்காரர் பூசிக் கொடுத்த நிறம் போதாது, நாமே ஆராய்ந்து தீட்ட வேண்டும் என்று பெரியவர்கள் கிளம்பியபோதுதான் இது கலையானது என்பேன்.

இப்போது பலர் தீட்டுவது 28 மில்லிமீட்டர் உருவம். ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டும். காட்சிக்கென்று தீட்டுவோர் 54 மில்லிமீட்டரையோ அதைவிடப் பெரியதையோ எடுத்துக்கொள்வார்கள். எதை எடுத்தாலும் முதலில் எதிர்ப்படும் சிக்கல் வெளிச்சம். ஆறடி மனிதனை ஓர் அங்குலமாகச் சுருக்கிவிடலாம், அவன்மேல் விழும் வெளிச்சம் சுருங்காது. உயிருள்ள மனிதனின் கோட்டு மடிப்பில் நிழல் விழும். சிற்றுருவத்தில் அந்த மடிப்பு மயிரிழை ஆழம்தான், அறைவிளக்கில் அது தெரியவே தெரியாது. சிவப்பை எடுத்து ஒரே சீராகப் பூசிவிட்டால் கோட்டு வெறும் சிவப்புத் துண்டாகி நிற்கும். ஆகவே தீட்டுபவர் நிழலையும் சேர்த்தே தீட்ட வேண்டியிருக்கிறது. சூரியன் தலைக்கு மேலே இருப்பதாக எண்ணி, தோள்களுக்கும் தொப்பியின் மேற்புறத்துக்கும் வெளிர்நிறம், அக்குளுக்கும் இடுப்புவார்க்கு அடிப்பக்கத்துக்கும் ஆழ்ந்த நிறம் என்று பிரிக்கிறார்.

இங்கேதான் கண்ணுக்குப் பயிற்சி. சிவப்பின் நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் நிறம் செத்துப்போகும், கரும்பழுப்பைக் கலக்க வேண்டும். சிவப்பை வெளிற வைக்க வெள்ளையைக் கலந்தால் ரோஜா நிறமாகிவிடும், ஆரஞ்சையோ தோல்நிறத்தையோ சேர்க்க வேண்டும். வெள்ளை வாரைச் சாம்பலில் தொடங்கி, விளிம்பில் மட்டும் வெள்ளைக்குக் கொண்டுவர வேண்டும். பெயின்டை நீர் விட்டுப் பாலின் பதத்துக்குக் கொண்டுவந்து, ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய பூச்சுகள் கொடுக்க வேண்டும். கெட்டியாகப் பூசினால் சிற்பி செதுக்கிய பொத்தானும் விரலும் மூடிப்போகும். தூரிகை மிகச் சிறியதாக இருக்க வேண்டும் என்று புதியவர்கள் நினைப்பார்கள். நல்ல தூரிகைக்கு வயிறு பெரியதாகவும் முனை கூர்மையாகவும் இருக்கும். வயிற்றில் ஈரம் நின்றால்தான் முனையிலுள்ள பெயின்ட் வழியிலேயே உலராமல் உருவத்தில் இறங்கும். சைபீரிய வீசல் என்ற சிறு விலங்கின் வால்மயிரில் செய்யும் தூரிகையை இதனால்தான் இத்தனை பேர் விரும்புகிறார்கள்.

இதெல்லாம் கைத்திறம். என்னை இந்தக் கலைமேல் பற்றுக்கொள்ள வைத்தது வேறொன்று. எந்த நிறம் என்று கேட்கத் தொடங்கினால், அந்தக் கேள்வி ஊர் ஊராக அழைத்துப் போகிறது.

ஒரு சிப்பாயை எடுத்துக்கொள்வோம். 1815 ஜூன் 18, நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர்க்களம். பிரிட்டிஷ் 69-ஆவது ரெஜிமென்ட்டின் காலாட்படை வீரன். கோட்டு சிவப்பு. ஆனால் எந்தச் சிவப்பு? சாதாரண வீரனின் துணி மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரில் சாயமேறியது, அதனால் செங்கல் சாயலான சிவப்பு. அதிகாரியின் கோட்டு கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த சாயத்தில் தோய்ந்தது, பளீரென்ற செஞ்சிவப்பு. ஒரே வரிசையில் நிற்கும் இருவருக்கும் ஒரே புட்டியிலிருந்து சிவப்பெடுத்தால், அவர்களின் சம்பள வித்தியாசத்தை நாம் அழித்துவிடுகிறோம். அடுத்தது காலரும் கைமடிப்பும். எந்த ரெஜிமென்ட் என்பதைக் காட்டுவது அந்த நிறம்தான். 69-ஆவதுக்கு அது ஒருவகை வெளிர்பச்சை.

இந்தப் பச்சைக் காலர் நமக்கு நெருக்கமானது. வாட்டர்லூவில் நின்றது அந்த ரெஜிமென்ட்டின் இரண்டாம் பட்டாலியன். முதல் பட்டாலியனின் நான்கு கம்பெனிகள் 1806-இல் நம் வேலூர்க் கோட்டைக்குள் இருந்தன. அந்த ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன் வேலூரில் ஆங்கிலேயரின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது உயிரிழந்த ஐரோப்பியர்களில் பெரும்பாலோர் இந்தப் பச்சைக் காலர் அணிந்தவர்கள். பிறகு ஆர்க்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை கோட்டையை மீட்டது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். அந்தக் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணமாக இருந்தவற்றுள் ஒன்று உடை. தோல்பட்டை வைத்த புதுத் தலைப்பாகை வந்தது. நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, தாடி கூடாது என்ற ஆணைகளும் வந்தன. சென்னைப் படைச் சிப்பாய் ஒருவனை 1806-க்குத் தீட்ட உட்காருகிறவர், தலைப்பாகை எது, நெற்றியில் குறி உண்டா இல்லையா என்று முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவுக்காகவும்தான் அந்த மனிதர்கள் உயிரைக் கொடுத்தார்கள்.

அதே 1806-இல் பிரான்சிலும் ஒரு கோட்டுச் சிக்கல். காலாட்படையின் நீலத்துக்கு அவுரி வேண்டும். அது வரவேண்டிய கடல்வழி பிரிட்டிஷ் கப்பல்களின் பிடியில். நெப்போலியன் வெள்ளைக் கோட்டுக்கு உத்தரவிட்டார். சில ரெஜிமென்ட்டுகள் அணிந்தும் பார்த்தன. மறு ஆண்டே அந்தத் திட்டம் கைவிடப்பட்டு நீலம் திரும்பி வந்தது. வெள்ளைக் கோட்டில் ஒரு பிரெஞ்சு வீரனைத் தீட்டினால், கடல் வாணிபத்தின் கதையையே தீட்டியதாகும்.

இப்படிக் கேள்வி கேட்பதில் எல்லோரையும் விஞ்சியவர் வில்லியம் சைபோர்ன் என்ற ராணுவ அதிகாரி. வாட்டர்லூ போரில் அவர் இல்லை. 1830-இல் அந்தப் போர்க்களத்தின் மாதிரி ஒன்றைச் செய்யும் பணி அவருக்கு வந்தது. களத்தின் நடுவிலிருந்த லா ஹே சாந்த் பண்ணைவீட்டிலேயே எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். போரில் நின்ற அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். மாலை ஏழு மணியளவில் உங்கள் படைப்பிரிவு எங்கே, எந்த அணிவகுப்பில் நின்றது, எதிரே என்ன பயிர் விளைந்திருந்தது என்று கேட்டார். பயிரைக்கூட விடவில்லை! அரசு பணம் கொடுப்பதை நிறுத்தியது. சொந்தப் பணத்தையும் கடனையும் போட்டுத் தொடர்ந்தார். 70,000-க்கும் மேற்பட்ட நுண்ணிய உலோக வீரர்கள், ஒவ்வொருவருக்கும் வண்ணம். 1838-இல் லண்டனில் காட்சிக்கு வைத்தபோது மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். பிரிட்டனின் கூட்டாளியான பிரஷியப் படைக்கு மாதிரியில் அவர் தந்த இடம், வாட்டர்லூவில் பிரிட்டிஷ் தரப்பை நடத்திய தளபதி வெலிங்டனுக்குப் பிடிக்கவில்லை, அதனால் சைபோர்ன் பட்ட தொல்லை பெரிது. போட்ட பணம் திரும்பாமலே 1849-இல் இறந்தார். அவர் திரட்டிய கடிதங்களோ இன்றும் வாட்டர்லூவைப் பற்றி எழுதுவோருக்கு முதன்மைச் சான்று. பொம்மைகளை எங்கே நிறுத்துவது என்ற கேள்வியில் பிறந்த ஆவணம் அது.

இந்தக் கலையிடம் எனக்கு மனக்குறையும் உண்டு. பளபளப்பின் மேல் இதற்கு மோகம் அதிகம். சந்தையில் கிடைப்பதில் கணிசமானவை அரசக் காவல்படை, மார்புக்கவசக் குதிரைவீரர், தங்கச்சரிகைத் தளபதி. வாட்டர்லூவுக்கு முந்திய இரவு முழுதும் மழை. காலையில் அத்தனை பேரும் சேற்றில்தான் நின்றார்கள். ஸ்பெயின் போர்க்களங்களில் கால்சட்டை கிழிந்தவர்கள் கிடைத்த பழுப்புத் துணியை ஒட்டுப்போட்டு நடந்தார்கள். முழங்கால்வரை சேறும், பழுப்பு ஒட்டும், வெயிலில் வெளுத்த தோளுமாக ஒரு சாதாரணக் காலாட்படை வீரனை ஒருவர் தீட்டினால், தங்கச்சரிகைத் தளபதியைவிட அவனைத்தான் நான் உயர்ந்த படைப்பு என்பேன். போரை அழகாக்கிவிடும் ஆபத்து இந்தக் கலைக்கு எப்போதும் உண்டு. அதற்கு மருந்து உண்மை நிறம்.

நம் பக்கத்துக் கதைகளுக்கும் இதையே கேட்பேன். 1799-இல் திப்பு சுல்தானை எதிர்த்து ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிப் போன பிரிட்டிஷ் படைக்குப் பொதிமாடுகளில் தானியம் கொண்டுவந்த பஞ்சாராக்கள், பல்லக்குத் தூக்கிகள், தண்ணீர் சுமந்தவர்கள், கூடவே நடந்த குடும்பத்துப் பெண்கள் ஆகியோர் துப்பாக்கி ஏந்தியவர்களைவிட எண்ணிக்கையில் அதிகம். அவர்களுக்கும் சிற்றுருவம் வேண்டும், வண்ணம் வேண்டும். இப்போது கணினியில் செதுக்கி ரெசினில் அச்சிடும் வசதி வந்துவிட்டது. நம் சிற்பக்கல்லூரி மாணவர்கள் நினைத்தால் செய்யலாம்.

தொடங்க நினைக்கும் நேயர்களுக்குச் சில சொற்கள். பெட்டி பெட்டியாக வாங்காதீர்கள். காலாட்படை உருவம் ஒன்று, நல்ல தூரிகை ஒன்று, ஐந்தாறு அக்ரிலிக் நிறங்கள் போதும். பிளாஸ்டிக் உருவமானால் சோப்புநீரில் கழுவிக் காயவைத்து, பிரைமர் அடித்த பிறகே தொடுங்கள். பழைய உலோக உருவங்களில் ஈயம் இருக்கும், ஆகவே தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் வேண்டாம், வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள். பெயின்ட் புட்டியைத் திறக்குமுன் அந்த வீரன் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஒரு நல்ல புத்தகத்தில் படித்துவிட்டு உட்காருங்கள்.