உள்ளம் நோயுற்றால் உடன் நடப்பவர் யார்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் கற்றறிந்த பெரியோர் இலக்கியம் பேசுவர்; யாம் கீழே அமர்ந்து கேட்டு மகிழ்வோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதிக் காலம் கழிக்கும் எமக்கு இவ்வாண்டு மேடையில் இடம் தந்திருக்கின்றீர்கள். இலக்கியம் பேச எமக்குத் தகுதியில்லை. ஆயினும் நம் காலனியில் வீட்டுக்கு வீடு மறைத்து வைக்கப்படும் செய்தி ஒன்றைப் பற்றிப் பேசும் தகுதி, பட்ட துன்பத்தால் எமக்கு வாய்த்திருக்கின்றது. அது உள்ளத்து நோய் பற்றியது.

ரயிலில் எதிரே அமர்ந்திருப்பவரிடம் நம் ஊர் ராஞ்சி என்று சொன்னவுடன் அவர் இதழோரம் ஒரு சிரிப்புத் தோன்றுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் என்னும் பெயர் எவ்வாறு கேலிக்குப் பயன்படுகிறதோ, அவ்வாறே வடநாட்டில் ராஞ்சியும் ஆக்ராவும் பயன்படுகின்றன. நாமும் அக்கேலிக்கு விலக்கானவர் அல்லோம். ஆட்டத்தில் தோற்ற பையனை நம் பிள்ளைகள் "காங்கேக்குப் போ" என்று துரத்துகின்றனர். பெரியவர்களாகிய நாம் கேட்டுச் சிரிக்கின்றோம்.

அந்தக் காங்கேயில் இருப்பது என்ன? நகருக்கு வடக்கே இரு பெரும் மனநல மருத்துவமனைகள். ஒன்று, 1918இல் ஆங்கில அரசு ஐரோப்பியருக்கெனத் தொடங்கியது. இன்று மத்திய அரசின்கீழ் மத்திய உளமருத்துவ நிறுவனம் என வழங்குவது. மற்றொன்று, 1925இல் இந்தியருக்கெனத் தொடங்கப்பெற்றது. இன்று மாநில அரசின்கீழ் 'ரின்பாஸ்' என்னும் சுருக்கப் பெயரால் வழங்குவது. வங்கத்துப் பெருங்கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம் நோயுற்றிருந்தபோது, 1952இல் அவரை இந்த ராஞ்சிக்குத்தான் சிகிச்சைக்கு அழைத்து வந்தனர். பிற மாநிலத்தாரெல்லாம் தேடி வரும் இடம் நம் வீட்டு வாசலிலேயே இருக்கின்றது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இவ்வூர் மக்கள் உடல் நோய்க்கு மருந்து தேடி, தன்பாத்–ஆலப்புழை வண்டியில் ஏறிக் காட்பாடியில் இறங்கி வேலூருக்குச் செல்கின்றனர். நாமோ, உள்ளத்து நோய்க்கு மருந்து இங்கேயே இருக்க, அதே வண்டியில் ஏறிச் சொந்த ஊருக்குச் சென்று மந்திரித்த கயிறு கட்டிக்கொண்டு திரும்புகின்றோம். யாமும் அவ்வாறு சென்றவரே.

இனி எம் இல்லத்துச் செய்தியைச் சொல்ல விழைகின்றோம். எம் துணைவியார் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். அவர் இசைவு பெற்றே, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது என்று அவர் வரையறுத்தபடியே பேசுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச்சு மாதத்தில் எம் மாமியார் விழுப்புரத்தில் காலமானார். செய்தி கேட்டு வண்டியேறி, ஒன்றரை நாளுக்கு மேல் பயணம் செய்து போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தாயின் முகத்தை மகள் காணவில்லை. தொலைவில் பிழைக்க வந்த நம்முள் பலர்க்கு இத்துயரம் புதிதன்று. காரியங்கள் முடிந்து திரும்பினோம். அதன்பின் எம் துணைவியார்க்கு இரவு இரண்டு மணிக்கே விழிப்பு வந்துவிடும்; விடியும்வரை அடுக்களையில் விளக்கேற்றாமல் அமர்ந்திருப்பார். உணவு குறைந்தது. தலைவலி என்றார், மார்பில் பாரம் என்றார். கோலமிடுவது நின்றது. வெள்ளிக்கிழமை கோயிலில் பாடும் பெண்களோடு சேர்வதும் நின்றது.

யாம் என்ன செய்தோம்? "எல்லார்க்கும் உள்ளதுதானே, மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்று அறிவுரை சொன்னோம். பின்பு குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க ஊருக்கு அழைத்துச் சென்றோம். தெய்வத்தைக் குறை கூறோம். அங்கே அழுததில் அவர்க்கு இரண்டு நாள் ஆறுதல் கிடைத்தது. ஆனால் உறக்கம் திரும்பவில்லை. பின்பு மருந்துக் கடைக்காரர் ஒருவரிடம் சீட்டில்லாமலே தூக்க மாத்திரை வாங்கினோம். அதன்பின் 'மனநல ஆலோசகர்' என்று பலகை மாட்டிய ஒருவரிடம் சென்றோம். அவர் என்ன படித்தவர் என்று கேட்க எமக்குத் தோன்றவில்லை. நான்கு முறை பணம் பெற்றுக்கொண்டு, ஒரு கல் மோதிரம் அணியச் சொன்னார். இவ்வாறு பத்து மாதங்களை வீணாக்கினோம். இத்தனைக்கும் அண்டை வீட்டாரிடம் யாம் சொல்லி வந்தது, "அவளுக்கு இரத்தச் சோகை" என்பதே.

கண் திறந்தவர் ரயில்வே மருத்துவர். மார்புப் பாரத்துக்காக அவரிடம் சென்றோம். இதயத்தில் குறையில்லை என்று கண்டு, உறக்கத்தைப் பற்றியும் உணவைப் பற்றியும் பொறுமையாகக் கேட்டார். தைராய்டு சுரப்பி குறைந்தாலும் இத்தகைய சோர்வு வரும் என்று சொல்லி இரத்தம் சோதிக்கச் செய்தார். அதிலும் குறையில்லை என்றானபின், "இது மனச்சோர்வு நோய். காங்கேக்கு எழுதித் தருகிறேன். அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை" என்றார். எம் கால்கள் நடுங்கின.

அவ்விரு மருத்துவமனைகளுள் ஒன்றன் புறநோயாளர் பிரிவுக்கு ஒரு காலைப்பொழுதில் சென்றோம். யாம் கற்பனை செய்திருந்த இரும்புக் கம்பிகளும் கூச்சலும் அங்கே இல்லை. எம்மைப் போன்ற குடும்பத்தார் பெஞ்சுகளில் அமர்ந்து முறை வரக் காத்திருந்தனர். டாக்டர் இந்தியில் கேட்டார். யாம் தமிழில் எடுத்துரைத்தோம். எம் துணைவியார் ஓரிரு சொல் சொன்னார். யாம் அதனை விரித்து இந்தியில் சொன்னோம். பதினெட்டு ஆண்டுகள் இவ்வூரில் வாழ்ந்தவர்க்கு இந்தி தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். காய்கறிக் கடைக்குப் போதுமான இந்தி, துக்கத்துக்குப் போதவில்லை.

மருந்து தொடங்கியது. இரண்டு மூன்று வாரங்கள் கழித்தே குணம் தெரியும், தாமாக நிறுத்தலாகாது என்று எச்சரித்தனர். அவ்வாறே மூன்றாம் வாரத்தில் உறக்கம் சற்றுக் கூடியது. மருந்தோடு, பேசி ஆற்றும் சிகிச்சைக்காக உளவியலாளர் அம்மையார் ஒருவரிடமும் அனுப்பினர். இருமுறை யாமே மொழிபெயர்த்தோம். மூன்றாம் முறை அவ்வம்மையார் எம்மை நோக்கி, "நீங்கள் வெளியே அமருங்கள். இவர் மொழி தெரிந்த பெண் ஒருவரை அழைத்து வர இயலுமா?" என்று கேட்டார். எமக்குச் சினம் வந்தது. கணவனைவிட மனைவியை அறிந்தவர் யார் என்று எண்ணினோம்.

நம் காலனியில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் உடன் வர இசைந்தார். அவர் பெயரைச் சொல்லலாகாது என்பது அவர் கட்டளை. நான்கு முறை வந்தார். அறைக்குள் என்ன பேசினர் என்று அவர் இன்றுவரை எம்மிடம் சொன்னதில்லை, யாமும் கேட்டதில்லை. ஒருநாள் இரவு எம் துணைவியாரே சொன்னார். மாமியார் படுத்துவிட்டார் என்று முதல் செய்தி வந்த அன்றே ஊருக்குப் போகலாம் என்று அவர் கேட்டாராம். ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதம், அடுத்த வாரம் விடுப்பு எழுதுகிறேன் என்று யாம் சொன்னோமாம். எமக்கு அது நினைவிலேயே இல்லை. அவர் நெஞ்சில் அதுவே முள்ளாக இருந்தது. அதனை எம் வாய் வழியாக, யாம் மொழிபெயர்க்க, அவர் எப்படிச் சொல்லியிருக்க முடியும்? அன்றிரவு மன்னிப்புக் கேட்டோம். மருந்தும் பேச்சுமாக ஓராண்டுக்கு மேல் சிகிச்சை நடந்தது. டாக்டரே சிறிது சிறிதாக மருந்தைக் குறைத்து நிறுத்தினார். இன்று வாசலில் எழுந்த பெரிய கோலம் யார் இட்டது என்று வினவியவர்களுக்கு இதுவே விடை.

அன்பர்களே! யாம் பட்ட அலைச்சலை நீங்கள் படாதிருக்கும் பொருட்டு, கற்றுக்கொண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கின்றோம்.

முதலாவது, இது அரிய நோயன்று. 2015–16இல் நம் ஜார்க்கண்டு, தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் எடுக்கப்பெற்ற தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோர் நூற்றுவரில் ஏறத்தாழப் பதின்மர்க்கு ஏதோ ஒரு மனநோய் உண்டு என்று கண்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிகிச்சையே பெறவில்லை என்றும் கண்டது. இப்பந்தலில் எத்தனை பேர் அமர்ந்திருக்கின்றோம் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, யாரிடம் செல்கின்றோம் என்பதை அறிந்து செல்லுதல் வேண்டும். மனநல மருத்துவர் என்போர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் உளமருத்துவம் கற்றவர். மருந்து எழுதும் உரிமை உடையவர். மருத்துவ உளவியலாளர் மருந்து தாரார். பேச்சினாலும் பயிற்சியினாலும் ஆற்றுவார். இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவர் எனின் பதிவு எண் வைத்திருப்பார். அதைக் கேட்பது அவமதிப்பு ஆகாது. பார்சல் அனுப்பினால் ரசீது கேட்கின்றோம் அல்லவா? மனநலச் சமூகப் பணியாளர் என்போர் குடும்பத்தையும் தொழிலையும் சீர்செய்யத் துணை நிற்பவர். இம்மூவகையினரையும் பயிற்றும் நிலையங்கள் காங்கேயிலேயே உள்ளன. எங்கே தொடங்குவது என்று அறியாதவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமே தொடங்கலாம்.

மூன்றாவது, நேரில் செல்லத் தயங்குவோர்க்குத் தொலைபேசி உண்டு. 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் எண் 14416. இரவும் பகலும் இயங்குவது, கட்டணம் இல்லாதது, இருபது மொழிகளில் அமைந்தது, தமிழ் அவற்றுள் ஒன்று. வாழ்வே வேண்டாம் என்று எவரேனும் சொல்லக் கேட்டால், நாள் பார்க்காதீர்கள். அவரைத் தனியே விடாமல், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நான்காவது, சட்டம் நம் பக்கம் நிற்கின்றது. ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அன்று காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டதை நாம் மறக்கலாகாது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த மனநோயாளியையும் சங்கிலியிடலாகாது என்கிறது. அவர் நோய்ச் செய்தியை மறைபொருளாகக் காத்தல் வேண்டும் என்றும், உடல் நோய்க்கு உள்ளது போலவே மனநோய்க்கும் காப்பீடு தருதல் வேண்டும் என்றும் விதிக்கின்றது.

இறுதியாக ஒரு விண்ணப்பம். திருவள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தின் கூறுகள் நான்கு என்கிறார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைபுரிபவர். வேலூரை அடுத்த பாகாயத்தில் 1957இல் தொடங்கப்பெற்ற மனநல மையமும், குடும்பத்தார் நோயாளியுடன் தங்கிச் சிகிச்சையில் பங்கு பெறுவதை முறையாகக் கொண்டு புகழ்பெற்றது. நமக்கு இங்கே முதல் மூன்றுக்கும் குறைவில்லை. நோயுற்றவர் இருக்கின்றார், மருத்துவர் காங்கேயில் இருக்கின்றார், மருந்தும் இருக்கின்றது. குறைவது நான்காமவர், அதிலும் தமிழும் இந்தியும் அறிந்து, கேட்டதை வெளியே சொல்லாத நான்காமவர்.

ஆதலின் நம் சங்கம் துணைநடப்போர் குழு ஒன்றை அமைத்தல் வேண்டும் என்று வேண்டுகின்றோம். பெண்டிர் மூவர், ஆடவர் மூவர் போதும். எந்தக் குடும்பம் அழைப்பினும் காரணம் கேளாமல் உடன் செல்லுதல், வேண்டுமிடத்து மொழிபெயர்த்தல், திரும்பியபின் வாய் திறவாதிருத்தல் ஆகிய மூன்றே அவர்தம் கடமை. இதற்குப் பணம் வேண்டா; கட்டடம் வேண்டா. ஆடவர் மூவருள் ஒருவராக எம் பெயரை இன்றே எழுதிக்கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கின்றோம். பெண்டிர் மூவருள் ஒருவராகத் தம் பெயரையும் எழுதுமாறு எம் துணைவியார் சொல்லியிருக்கின்றார். அவர் இந்தி இப்போது சந்தைக்கு அப்பாலும் சென்றிருக்கின்றது.

இன்னொன்று. நாளை மாலை மைதானத்தில் பிள்ளைகள் "காங்கேக்குப் போ" என்று கத்தக் கேட்டால், சிரிக்காமல் அருகழைத்துச் சொல்லுங்கள்: "ஆமாம், நோய் வந்தால் போகத்தான் வேண்டும். நம் அத்தை ஒருவர் போய் நலமாகத் திரும்பியிருக்கின்றார்" என்று.