கைக்கு வரும் ஊதியமும் ஆண்டுதோறும் மாறும் வரியும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் விழாவில் வருமான வரியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். அண்ணல் அம்பேத்கர் 1925இல் வெளியிட்ட நூலே பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதியைப் பற்றியதுதான். எனவே, இது நமக்குப் புறம்பான பொருள் அன்று. மேலும், இக்கழகத்தில் பயின்றோர் பலர் தத்தம் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கும் முதல் தலைமுறையினர். அச்சம்பளத்தை நோக்கி ஊரில் ஐந்தாறு கைகள் காத்திருக்கின்றன. வீட்டார் கேட்பது மொத்த ஊதியத்தை; நம் கைக்கு வருவதோ பிடித்தம் போக எஞ்சியது.

ஒவ்வோராண்டும் பிப்ரவரித் திங்களில் நிதிநிலை அறிக்கை வருகிறது. அதில் ஒரு வரி மாறினால் நம் வீட்டு அரிசிக் கணக்கும் மாறும். ஆண்டு ஊதியம் 12,75,000 ரூபாய் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். புதிய வரிமுறையில் நிலைக்கழிவு 75,000 போக 12 இலட்சம் நிற்கும். 2024-25இல் அதற்குரிய வரி, கூடுதல் தீர்வையுடன் 83,200 ரூபாய். 2025-26இலோ, தள்ளுபடியின் காரணமாக, வரியே இல்லை. திங்களுக்கு ஏறத்தாழ 6,930 ரூபாய் மிகுதி. இது பெரிய உதவிதான், மறுப்பதற்கில்லை.

எல்லையைச் சற்றே தாண்டிவிட்டால் முழுத் தொகைக்கும் வரி விழுமே என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் வேண்டா. 12,10,000 என்றால், தாண்டிய 10,000 ரூபாய்க்கு மேல் வரி போகாதவாறு சட்டம் காக்கிறது. கூடுதல் தீர்வை மட்டும் தனி.

ஆனால் என் மனத்தை உறுத்துவது நிலுவைத் தொகை. நம்மவர்க்குப் பதவி உயர்வும் பணிவரன்முறையும் காலத்தில் கிடைப்பது அரிது. வழக்காடி, மனுக் கொடுத்துக் காத்திருந்து, இறுதியில் பல ஆண்டுப் பணம் ஒரே நாளில் வருகிறது. திங்களுக்கு 95,000 பெறுபவர்க்கு 2025-26இல் வரி இல்லை. அவருக்கே 2,50,000 நிலுவை வந்து சேர்ந்தால் வரி 80,340 ரூபாய்! தாமதம் செய்தது அலுவலகம், தண்டம் தொழிலாளிக்கா?

இதற்கும் சட்டத்தில் வழியுண்டு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 89ஆம் பிரிவு, நிலுவையை அது சேர வேண்டிய ஆண்டுகளுக்குப் பிரித்துக் கணக்கிட்டு, வரி குறையுமாயின் அவ்வேறுபாட்டைக் கழித்துக்கொள்ள இடமளித்தது. அதற்குரிய 10-ஈ படிவத்தைக் கணக்கறிக்கைக்கு முன்னரே இணையத்தில் பதிய வேண்டும். (2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கென வகுக்கப்பட்டது, அதில் பிரிவு எண்கள் வேறு.) 2012இல் எனக்கு நிலுவை வந்தபோது இதை எவரும் சொல்லவில்லை. முழுவதையும் அவ்வாண்டு வருமானமாக்கிப் பிடித்தார்கள். பி.ஏ., பி.எட். படித்த நானும் கையொப்பமிட்டு வாங்கி வந்தேன். என் மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு அவ்வாண்டு வட்டிக்குக் கடன் வாங்கினேன்.

இன்னொன்று. பழைய முறையில் சேமிப்புக்கு 1,50,000 வரை கழிவு உண்டு. 2014இல் வைத்த அவ்வளவு அப்படியே நிற்கிறது. புதிய முறையில் அக்கழிவு இல்லை. வரி குறைந்ததே என்று இளைஞர் மகிழ்கின்றனர். வரிக்கு அஞ்சியேனும் காப்பீடும் வைப்பு நிதியும் போட்டு வைத்த முந்தைய தலைமுறையை எண்ணிப் பார்க்கிறேன். அச்சேமிப்பில் எழுந்த வீடுகள் நம் தெருவில் எத்தனை! வீட்டுக் கடன் வட்டியும் வாடகையும் மிகுதியாக உள்ளவர் இரு முறையிலும் கணக்கிட்டுப் பார்த்தே தெரிவு செய்க. தெரிவை ஆண்டின் தொடக்கத்திலேயே அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கத் தவறினால் 2023-24 முதல் புதிய முறையே தானாகப் பொருந்தும். பழைய முறைக்குரிய சான்றுகளைக் கொடாதிருந்தால் ஆண்டின் கடைசித் திங்களில் பிடித்தம் குவியும்.

மதிய உணவுக்குப் பின் வணிகவியல் ஆசிரியர் இருவர் இம்மண்டபத்திலேயே அமர்ந்திருப்பர். நிலுவை பெற்றவர்கள் சம்பளப் பட்டியலையும் நிலுவை ஆணையையும் கொண்டுவந்து காட்டுங்கள்.