பாலும் பால்மானியும்

(கல்விக் கழக வெள்ளி விழாவின் இளைஞர் அமர்வில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் ஆற்றிவரும் தொண்டினை எனக்கு முன் பேசிய சான்றோர் விரிவாக எடுத்துரைத்தனர். எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு 'அறிவியலும் அன்றாட வாழ்வும்' என்பதாகும். வரலாறு பயின்று பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சியும் பெற்றவன் நான். அறிவியல் என் பாடமன்று. அறிவியல் ஆசிரியர்கள் இவ்வரங்கில் இருப்பின் என் பிழைகளைப் பொறுத்தருள்க. ஆயினும் அன்றாட வாழ்வு என்ற சொல்லைக் கண்டதும் என் நினைவுக்கு வந்தது பால்தான். அதற்குக் காரணம் உண்டு.

நான் ஏழாம் வகுப்பில் பயின்றுகொண்டிருந்த காலம், 1982ஆம் ஆண்டு. ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தின் கீழ் எங்கள் காலனியில் சில குடும்பங்களுக்குக் கறவை மாட்டுக் கடன் கிடைத்தது. என் தாயாருக்கும் ஒரு கலப்பினப் பசு வந்து சேர்ந்தது. அதிகாலையில் பால் வியாபாரி ஒருவர் மிதிவண்டியில் கேன்களைக் கட்டிக்கொண்டு காலனியின் முகப்பில் வந்து நிற்பார். மணி ஒலி கேட்டதும் என் தாயார் கறந்த பாலை, நுரையும் சூடும் அடங்காத நிலையில், அப்படியே கொண்டுபோய் ஊற்றுவார். வியாபாரி தம் பையிலிருந்து கண்ணாடிக் கருவி ஒன்றை எடுத்துப் பாலில் மிதக்கவிடுவார். "இருபத்தைந்துதான் காட்டுகிறது, தண்ணீர் கலந்திருக்கிறாய்" என்பார். விலையில் ஒரு பகுதி குறைந்துவிடும். ஒருநாள் என் தாயார், தாமே பார்க்க விரும்பி அக்கருவியின்பால் கை நீட்டினார். "நீ தொடாதே" என்று அவர் விலக்கிவிட்டார். எங்கள் வீட்டுப் பால் எல்லாருடைய பாலோடும் ஒரே கேனில் கலந்துதான் சென்றது. பாலுக்கு இல்லாத தீட்டு, பால்மானியை ஏந்தும் கைக்கு இருந்தது!

என் தாயார் அன்று தண்ணீர் கலக்கவில்லை. இதனை நான் அறிவேன். ஏனெனில் கறக்கும்போது விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். அங்ஙனமாயின் கருவி பொய் சொல்லியதா? இவ்வினாவிற்கு விடை எனக்குக் கிடைக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. ஆசிரியனான பின்னர் மாணவர்களை ஒரு பால் குளிரூட்டு நிலையத்திற்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றபோது, அங்கே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஓர் அம்மையார் சொன்ன விளக்கமே அவ்விடை. அதனை உங்களிடம் சொல்லவே இன்று வந்தேன்.

பாலில் பெரும்பகுதி நீரே. பசும்பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பங்கு நீர். எஞ்சியது கொழுப்பு, புரதம், பால் சர்க்கரை, தாது உப்புகள். கொழுப்பை நீக்கி எஞ்சும் திடப்பொருள்களைப் பால் சங்கங்களில் 'இதரச் சத்து' என்று வழங்குகின்றனர். ஒரு லிட்டர் நீரின் எடை 1000 கிராம் எனில், ஒரு லிட்டர் பசும்பாலின் எடை 1028 முதல் 1032 கிராம் வரை இருக்கும். லாக்டோமீட்டர் எனப்படும் பால்மானியில் நாம் காணும் 28, 32 என்பவை இவ்வெண்களின் கடைசி இரு இலக்கங்களே. அடர்ந்த பாலில் கருவி மிதந்து நிற்கும். நீர் கலந்து அடர்த்தி குறைந்தால் ஆழ்ந்து போகும். இதில் மந்திரம் ஒன்றுமில்லை.

ஆனால் சூடான எந்த நீர்மமும் விரிவடைந்து இலேசாகிவிடும் என்பதை எட்டாம் வகுப்பு மாணவனும் அறிவான். பால்மானி எந்த வெப்பநிலைக்கென அளவிடப்பட்டதோ, அந்த வெப்பநிலையில் மட்டுமே அது காட்டும் எண் மெய்யாகும். பழைய கருவிகள் 60 பாகை பாரன்ஹீட்டிற்கென அளவிடப்பட்டவை; பிற்காலத்தில் இந்தியத் தர நிறுவனத்தின் முறைப்படி வந்தவை 27 பாகை செல்சியசிற்கென அமைந்தவை. பழைய கருவியைக் கொண்டு அளக்கும்போது, பாரன்ஹீட்டில் ஒவ்வொரு பாகை மிகுதிக்கும் 0.1 கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. மடியிலிருந்து இறங்கிய பால் 95 பாகையில் இருக்கிறதென்று கொள்வோம். மிகுதி 35 பாகை, கூட்டவேண்டியது 3.5. அதாவது மெய்யாக 28.5 உள்ள பால், கருவியில் 25 என்றுதான் தோன்றும். இத்துணை வேறுபாட்டில் விதியும் துல்லியமாக அமையாது. பாலை ஆறவைத்து அளப்பதே முறை. அன்றியும், புதிதாகக் கறந்த பாலில் காற்றுக் குமிழ்கள் நிறைந்திருக்கும். கறந்து சில மணி நேரம் கழிந்த பின்னரே அதன் அடர்த்தி நிலைபெறுகிறது.

ஆக, என் தாயாரின் குற்றம் யாதெனில், காலம் தாழ்த்தாமல் கறந்த சூட்டோடு பாலைக் கொண்டுபோய்க் கொடுத்ததே ஆகும். வியாபாரிக்கு இது தெரியுமா, தெரியாதா என்பதை நான் அறியேன். தெரிந்திருப்பின் அது வஞ்சனை, தெரியாதிருப்பின் அறியாமை. எங்களுக்கு நேர்ந்த இழப்பு இரண்டிலும் ஒன்றே.

இதனால் பால்மானியே வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். அக்கருவியை ஏமாற்றுவோரும் உளர். கொழுப்பு நீரினும் இலேசானது. ஆகவே பாலிலிருந்து ஆடையை எடுத்துவிட்டால் எஞ்சிய பாலின் அடர்த்தி கூடி, கருவி 35, 36 வரை காட்டும். பிறகு அளவாகத் தண்ணீர் ஊற்றினால் எண் மீண்டும் 29-க்கு இறங்கிவிடும். ஆடையும் போய், தண்ணீரும் சேர்ந்த பாலுக்குப் பால்மானி 'நல்ல பால்' என்று நற்சான்று வழங்கும்! நேர்மையாகச் சூட்டோடு வந்த பால் தண்டனை பெறவும், இருமுறை கெடுக்கப்பட்ட பால் பரிசு பெறவும் ஒரே கருவி இடம் தருகிறது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

எனவேதான் கொழுப்பைத் தனியே அளக்கும் முறை தேவைப்பட்டது. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஸ்டீபன் பாப்காக் என்பார் 1890இல் இதற்கு எளிய முறையொன்றைக் கண்டு வெளியிட்டார். அதுவரை அங்கே எடையைப் பார்த்தே பாலுக்கு விலை தந்தனர். தண்ணீர் ஊற்றியவனும் ஊற்றாதவனும் ஒரே விலை பெற்றனர். பாப்காக் தம் கண்டுபிடிப்பிற்குக் காப்புரிமை பெறவில்லை. எவரும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார். வரலாற்று ஆசிரியனாகிய எனக்குப் பல மன்னர்களைவிட அவர் பெரியவராகத் தோன்றுகிறார். அதனையொட்டிச் சுவிட்சர்லாந்தில் கெர்பர் வகுத்த முறையே நம் நாட்டில் பரவியது. பியூட்டிரோமீட்டர் என்னும் கண்ணாடிக் குழலில் 10 மில்லிலிட்டர் கந்தக அமிலம், அதன்மேல் 10.75 மில்லிலிட்டர் பால், பின்னர் 1 மில்லிலிட்டர் அமைல் ஆல்கஹால் ஊற்றி, அடைத்துக் குலுக்கி, மையவிலக்கு எந்திரத்தில் சுழற்றுவர். அமிலம் கொழுப்பைத் தவிர மற்றவற்றைக் கரைத்துவிடும். கொழுப்பு மட்டும் மேலே பிரிந்து நிற்க, அதன் உயரத்தை நேரே படித்துக்கொள்ளலாம். அமிலத்தோடு பால் சேர்கையில் குழல் கைபொறாத சூடு கொள்ளும். பயிற்சியின்றி எவரும் இதில் கை வைத்தல் கூடாது.

கொழுப்பும் பால்மானி எண்ணும் தெரிந்தால் இதரச் சத்தைக் கணக்கிடலாம். ரிச்மண்ட் என்பாரின் பெயரால் வழங்கும் வாய்பாட்டின் ஒரு வடிவம் இது: திருத்திய பால்மானி எண்ணை நான்கால் வகுத்து, கொழுப்பில் கால் பங்கைக் கூட்டி, அதனோடு 0.44 சேர்க்க வேண்டும். பால்மானி எண் 28, கொழுப்பு 4 எனில், 7 + 1 + 0.44 = 8.44. இதே பாலைச் சூடாக அளந்து 25 என்று எழுதினால், 6.25 + 1 + 0.44 = 7.69. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் ஆணையம் பசும்பாலுக்கு விதித்துள்ள குறைந்த அளவு கொழுப்பு 3.2, இதரச் சத்து 8.3. ஒரு வெப்பமானியைப் பாலில் நனைக்காத குற்றத்தினால் நல்ல பால் சட்டப்படி தரங்கெட்ட பாலாகிவிட்டது! இவ்வாய்பாட்டில் கூட்டும் மாறிலி இடத்திற்கு இடம் வேறுபடுகிறது. உங்கள் சங்கத்தில் எதனைக் கையாளுகின்றனர் என்று கேளுங்கள். இந்நாளில் பல சங்கங்களில் மின்கருவி ஒரு நிமிடத்தில் இரண்டு எண்களையும் அச்சிட்டுத் தருகிறது. நல்லதே. ஆனால் அதனையும் நாள்தோறும் கழுவ வேண்டும். குறிப்பிட்ட காலத்தில் சரிபார்க்க வேண்டும். அச்சுச் சீட்டைக் கேட்டுப் பெறுங்கள்.

நம்மவர் எவரும் தண்ணீரே கலந்ததில்லை என்று சாதிக்க நான் வரவில்லை. கலப்போர் எல்லாத் தெருவிலும் இருக்கின்றனர். கிணற்று நீரோ குட்டை நீரோ சேரும்போது சத்து குறைவதோடு நில்லாமல், நோய்க் கிருமிகளும் சேர்கின்றன. அந்தப் பால் தேநீர்க் கடை வழியே நம் பிள்ளைகளிடமே திரும்பி வருகிறது. தண்ணீர் கலக்காவிடினும் ஆறாத பாலில் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும். ஆகவேதான் 4 பாகை செல்சியசிற்குக் குளிர்விக்கின்றனர். பாலின் தூய்மையை அறிய மெத்திலின் நீலச் சோதனை ஒன்றுண்டு. 10 மில்லிலிட்டர் பாலில் ஒரு மில்லிலிட்டர் நீலக் கரைசலை இட்டு 37 பாகையில் வைப்பர். நுண்ணுயிர்கள் மிகுந்திருந்தால் நீலம் அரைமணி நேரத்திலேயே மறைந்துவிடும். தூய பாலில் ஐந்து மணி நேரம் கடந்தும் நிற்கும். மடியைக் கழுவித் துடைப்பதும், முதல் பீச்சுகளைத் தனியே விடுவதும், பாத்திரத்தை வெந்நீரில் கழுவி வெயிலில் கவிழ்ப்பதும் இந்த ஐந்து மணி நேரத்தை நமக்கு ஈட்டித் தரும்.

பதப்படுத்துதல் குறித்தும் ஒரு சொல். பாலை 63 பாகையில் அரைமணி நேரம், அல்லது 72 பாகையில் 15 வினாடி வைத்து உடனே குளிர்வித்தல் பாஸ்டர் முறையாகும். காசநோய்க் கிருமி இதில் மடியும். அது மடிந்ததா என்று ஒவ்வொரு முறையும் தேடிப் பார்ப்பது அரிது. ஆனால் பாலில் இயற்கையாகவே பாஸ்படேஸ் என்னும் நொதி ஒன்று உண்டு. அதனை அழிக்க அக்கிருமியை அழிப்பதைவிடச் சற்றே மிகுந்த வெப்பம் வேண்டும். ஆகவே நொதி அழிந்திருந்தால் கிருமியும் அழிந்தது என்று துணியலாம். இதனைக் கேட்டபோது நான் வியந்துபோனேன்.

2018ஆம் ஆண்டு மேற்படி ஆணையம் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. உடல்நலத்திற்குக் கேடு செய்யும் கலப்படம் 12 மாதிரிகளில்தான் காணப்பட்டது. ஆனால் அஃப்ளடாக்சின் எம்1 என்னும் நச்சு 368 மாதிரிகளில் அளவுக்கு மீறி இருந்தது. அவற்றுள் 88 நம் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. இந்நச்சை எவரும் பாலில் கொட்டவில்லை. பூஞ்சை பிடித்த பிண்ணாக்கையும் தீவனத்தையும் மாடு தின்ன, அது பாலில் இறங்கிவிடுகிறது. காய்ச்சினாலும் போகாது. மலிவாகக் கிடைக்கிறதென்று கறுத்த கடலைப் பிண்ணாக்கை வாங்காதீர்கள். இருப்பதை ஈரம் படாத இடத்தில், தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள். மாட்டிற்கு ஊசி போட்டால், எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்று கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

குஜராத்தின் கைரா மாவட்டத்து உழவர்கள் 1946இல் தனியார் கொள்முதலாளர்களுக்குப் பால் தர மறுத்துத் தமக்கென ஒன்றியம் அமைத்த வரலாற்றை நீங்கள் படித்திருப்பீர்கள். திரிபுவன்தாஸ் படேல், குரியன் ஆகியோரின் பெயர்களை எல்லாரும் சொல்கிறோம். அங்கே பாலைச் சேர்ப்பதும் அளப்பதும் பதப்படுத்துவதும் பால் தருவோரின் கைக்கு வந்தன என்பதே எனக்கு முதன்மையாகப் படுகிறது. நம் இளைஞர்களுக்கு நான் கூறுவது, பால் ஊற்றும் வரிசையில் மட்டும் நில்லாதீர்கள் என்பதாம். சங்கத்தில் உறுப்பினராகுங்கள், பேரவைக் கூட்டத்திற்குச் செல்லுங்கள். பரிசோதகர் பணியிடம் காலியாகும்போது விண்ணப்பியுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பயில்வோர், கொடுவள்ளியில் நம் கால்நடை அறிவியல் பல்கலைக்கழகம் நடத்தும் கல்லூரியில் பால்வளத் தொழில்நுட்பம் பட்டப்படிப்பாகவே இருப்பதை அறிந்துகொள்ளுங்கள்.

குளிரூட்டு நிலையத்திலிருந்து திரும்பிய அன்றிரவு என் தாயாரிடம் சூட்டையும் பால்மானியையும் பற்றி விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்படியானால் நான் கொடுத்தது நல்ல பால்தானே?" என்றார். ஆம் என்றேன். சிறிது நேரம் கழித்து, "அந்த வெட்டுப்பட்ட காசு எவ்வளவு இருக்கும், கணக்குப் போடு" என்றார். அன்றிரவு நோட்டில் கணக்குப் போட்டேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

என் வேண்டுகோளை ஏற்றுக் கழகம் இரண்டு பால்மானிகளும் ஒரு வெப்பமானியும் ஓர் அளவுக் குவளையும் வாங்கிப் படிப்பகத்தில் வைத்துள்ளது. நாளைக் காலை ஆறரை மணிக்கு நான் அங்கே இருப்பேன். ஆளுக்கு அரை லிட்டர் பால் கொண்டுவாருங்கள். நுரை அடங்கும் வரை அமர்ந்திருந்து, பின்னர் அளப்போம். தாய்மார்கள் முதலில் கருவியைக் கையில் எடுக்கட்டும்.