மொட்டை மாடி ஒழுகுது, மேஸ்திரி போன் எடுக்கல

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை அப்படியே இருக்கு, திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் குறைச்சிருக்கோம்.)

இன்னைக்கு ஸ்டார்ட்அப் இல்ல, சினிமா இல்ல. எங்க வீட்டு மாடி. ஆஃப் பண்ணிடாதீங்க. இதைக் கேக்குற சில பேரோட அப்பா இந்நேரம் சொந்த ஊர்ல ஒரு மேஸ்திரிக்கு கேஷா பணம் எண்ணிக்கிட்டு இருப்பார். அவங்களுக்காகத்தான் இது.

எங்க வீடு ஸ்ரீரங்கத்துல, மேலூர் ரோட்டுப் பக்கம். அப்பா ரிட்டயர் ஆனப்போ வந்த பணத்துல மாடியில ஒரு ரூமும், அதுக்கு முன்னாடி ஒரு திறந்த சிட்-அவுட்டும் கட்டணும்னார். அங்க சேர் போட்டு உக்காந்தா ராஜகோபுரம் தெரியும். அவரோட ஆசையே அவ்வளவுதான். வெளிநாட்டுல வீட்டுக்குப் பின்னாடி மரத்துல 'டெக்' போடுவாங்களே, நம்ம ஊருக்கு அது இந்த சிட்-அவுட். ஒரு வித்தியாசம், அவங்க டெக்குக்குக் கீழ பெரும்பாலும் மண்ணுதான் இருக்கும். எங்க சிட்-அவுட்டுக்குக் கீழ அப்பா அம்மா தூங்குற ரூம் இருக்கு.

மொத்தம் நாலு சதுரம், அதாவது 400 சதுர அடி. மேஸ்திரி மெட்டீரியலோட சேர்த்து அடிக்கு 2,000 ரூபா கேட்டார். அப்பா பேசிப் பேசி 1,800க்குக் கொண்டுவந்தார். ஆக 7,20,000. டைல்ஸ் மட்டும் எங்க செலவு. அக்ரிமென்ட் எதுவும் கிடையாது. தினசரி காலண்டர் தாளைக் கிழிச்சு, பின்பக்கம் மேஸ்திரி அவர் கையால எழுதினார்: கம்பி எந்த சைஸ், பூச்சு, பெயின்ட், கடைசி வரியில "சுர்க்கி, தட்டோடு சேர்த்து." அந்தத் தாளை அப்பா டைரிக்குள்ள வெச்சிருந்தார். பின்னாடி அது தேவைப்படும்னு யாருக்கும் தெரியாது.

சுர்க்கின்னா என்னன்னு எனக்கும் அப்போ தெரியாது. கான்கிரீட் தளத்துக்கு மேல செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து பரப்பி, மரக்கட்டையால தட்டித் தட்டி இறுக்குவாங்க. அதுக்கு மேல தட்டோடு பதிப்பாங்க. அது வெயில் சூட்டைக் குறைக்கும். அதைவிட முக்கியமா, தண்ணி ஓடுறதுக்கான வாட்டம் அந்த லேயர்லதான் வரும். குழாய் இருக்குற பக்கத்தை நோக்கி, பத்து அடிக்கு ஒரு இஞ்சுக்குக் குறையாம சரிவு வேணும். கோயிலைச் சுத்தி இருக்குற வீதிகள்ல பழைய வீடுகளுக்குள்ள போனா மேல பாருங்க. தேக்குச் சட்டம், அதுக்கு மேல செங்கலைச் செங்குத்தா வெச்சு சுண்ணாம்புல கட்டின மெட்ராஸ் டெரஸ். அந்தக் காலத்துல சுண்ணாம்புல கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் கலப்பாங்க. 'கான்கிரீட் வந்தாச்சு, இதெல்லாம் எதுக்கு'ன்னு நினைக்கிறது தப்பு. கான்கிரீட்டும் தண்ணி நின்னா உறிஞ்சும், உள்ள இருக்குற கம்பி துருப்பிடிக்கும்.

2023 மார்ச்ல வேலை முடிஞ்சு பால் காய்ச்சினோம். அப்பா 6,60,000 குடுத்துட்டார். பாக்கி 60,000. ஐப்பசி மழையில சிட்-அவுட்ல தண்ணி குளம் மாதிரி நின்னுச்சு. மூணாவது மழைக்குக் கீழ் ரூம் சீலிங்ல ஓதம். முதல்ல ஒரு தட்டு சைஸ், ஒரு வாரத்துல பாய் சைஸ். அம்மா கட்டிலை நகர்த்தினாங்க, அப்புறம் ஹாலுக்கே மாத்திட்டாங்க.

நான் பெங்களூர்ல வேலை பாக்குறேன். தீபாவளிக்கு ஊருக்கு வந்தப்போ, பக்கத்து வீட்டுப் பையனோட ரப்பர் பந்தை வாங்கி சிட்-அவுட் நடுவுல வெச்சேன். அது குழாய்ப் பக்கம் போகல. மெதுவா உருண்டு ரூம் சுவரை ஒட்டிப் போய் நின்னுச்சு. அதாவது தண்ணி வெளிய போக வேண்டிய குழாய் மேட்டுல இருக்கு, வீடு பள்ளத்துல இருக்கு.

மேஸ்திரிக்கு போன் பண்ணினா, "ரெண்டு மழை பார்ப்போம் சார், சிமெண்ட் செட் ஆகட்டும்." அப்புறம் ஆள் அனுப்பி மேல வெள்ளையா ஏதோ கோட்டிங் அடிச்சுக் குடுத்தார். அடுத்த மழைக்கே ஒழுகுச்சு. அடுத்து, "டைல்ஸ் நீங்க வாங்கினதுதானே சார்." நான் பேசினப்போ, "பாப்பா, நீ பெங்களூர்ல உக்காந்துக்கிட்டு வாட்டத்தைப் பத்திப் பேசாத." அதுக்கப்புறம் போன் எடுக்கல.

இங்க நாங்க ஒரு தப்பு பண்ணினோம். இந்த எபிசோடையே அதுக்காகத்தான் பண்றேன். அம்மா ஹால்ல தூங்குறதைப் பார்க்க முடியாம, அப்பா திருவானைக்காவல்லேர்ந்து வேற ஒரு கொத்தனாரைக் கூட்டிட்டு வந்தார். அவர் நாலு டைலை உடைச்சுப் பார்த்தார். உள்ள சுர்க்கியே இல்ல. தளத்துக்கு மேல சிமெண்ட் கலவை, அதுக்கு மேல டைல்ஸ், அவ்வளவுதான். அவர் அந்த இடத்துல கெமிக்கல் ஊத்தி மூடிட்டுப் போயிட்டார். நல்ல மனுஷன், நல்ல எண்ணத்துல பண்ணின வேலை. ஆனா அந்த நிமிஷத்துல எங்க கையில இருந்த சாட்சியை நாங்களே உடைச்சு மூடிட்டோம். மேஸ்திரி அப்புறம் எழுத்துல குடுத்த பதில் என்ன தெரியுமா? "நான் போட்ட தளத்தை வேற ஆள் உடைச்சதாலதான் ஒழுகுது." உடைச்சப்போ அப்பா வாட்ஸ்அப்ல எனக்கு அனுப்பின ஒரே ஒரு போட்டோ மட்டும் மிச்சம்.

அதனால, ஒழுகுதுன்னா முதல்ல ரிப்பேர் பண்ணாதீங்க. கஷ்டம்தான், தெரியும். பக்கெட் வைங்க. தேதியோட வீடியோ எடுங்க. கட்டினவருக்கு எழுத்துல சொல்லி, இன்ன தேதிக்குள்ள வந்து பாருங்கன்னு கூப்பிடுங்க. அவர் வரலைன்னா, ஒரு சிவில் இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து ரிப்போர்ட் வாங்கின பிறகு உடைங்க.

திருச்சியில ஒரு வக்கீல் அக்காகிட்ட போனோம். அப்பாவுக்கு அதுல துளியும் இஷ்டமில்ல. "தெருவுல மூணு வீடு கட்டினவன். நாளைக்கு முகத்துல முழிக்கணும். கோர்ட்டு கேஸுன்னு அலையுறதா?" வக்கீல் அக்கா சொன்னாங்க, "சார், இது சிவில் கோர்ட்டுக்கே போக வேணாம். நுகர்வோர் ஆணையம் போதும்."

வீடு கட்டுறது நுகர்வோர் சட்டத்துல எப்படி வரும்னு எனக்கும் சந்தேகம். ஃபிரிட்ஜ், போன் வாங்கினாத்தானே நுகர்வோர்? இதுக்குப் பின்னாடி ஒரு வழக்கு இருக்கு. லக்னோவுல எம்.கே. குப்தான்னு ஒருத்தர், வளர்ச்சி ஆணையத்துக்கிட்ட ஃபிளாட்டுக்கு முழுப் பணத்தையும் கட்டினார். கட்டட வேலை முடியல, வீடு கைக்கு வரல. 'நாங்க பண்றது சேவையே இல்ல, நுகர்வோர் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது'ன்னு ஆணையம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1993 நவம்பர் 5ஆம் தேதி, நீதிபதி ஆர்.எம். சகாய் எழுதின தீர்ப்புல அந்த வாதம் தோத்துச்சு. வீடு கட்டித் தர்றதும் சேவைதான், அதுல குறை இருந்தா நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம். அதே 1993ல சட்டத்திருத்தம் வந்து 'வீட்டுக் கட்டுமானம்'ங்குற வார்த்தையே சட்டத்துக்குள்ள ஏறிடுச்சு. இப்போ இருக்குற 2019 சட்டத்துலயும் அது இருக்கு. குப்தா சண்டை போட்டது அரசு அமைப்போட. ஆனா அந்தக் கதவு வழியாத்தான் எங்கப்பா காலண்டர் தாளோட உள்ள போனார்.

கொஞ்சம் நடைமுறை சொல்லிடறேன். நீங்க குடுத்த பணம் 50 லட்சம் வரைக்கும்னா மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது, 10 லட்சம் வரைக்கும் 200 ரூபா. நாங்க கட்டினது 200. வக்கீல் இல்லாமலும் போகலாம். ஆன்லைன்ல பதியலாம், நாங்க போட்டப்போ 'இ-தாக்கில்' தளம், 2025லேர்ந்து அது 'இ-ஜாக்ரிதி'. முதல்ல பேசிப் பார்க்கணும்னா 1915ங்குற ஹெல்ப்லைன் இருக்கு. பிரச்சினை தொடங்கின நாள்லேர்ந்து ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் குடுக்கணும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தா ஆணையம் ஏத்துக்கலாம், ஆனா அதை நம்பி உக்காராதீங்க. மேஸ்திரி "பார்ப்போம்"னு சொல்ற ஒவ்வொரு மாசமும் இந்தக் கணக்குலதான் கழியுது.

ரேரா இருக்கேன்னு கேப்பீங்க. அது பில்டர்கிட்ட ஃபிளாட் வாங்குறவங்களுக்கு. கட்டட அமைப்புல குறை தெரிஞ்சா, ஒப்படைச்ச 5 வருஷத்துக்குள்ள சொன்னா பில்டர் சொந்தச் செலவுல 30 நாளுக்குள்ள சரி பண்ணணும். சொந்த மனையில மேஸ்திரி வெச்சுக் கட்டுறவங்களுக்கு அது உதவாது. அப்புறம், நீங்களே மெட்டீரியல் வாங்கிப் போட்டு தினக்கூலிக்கு ஆள் வெச்சுக் கட்டினீங்கன்னா, யார் மேல குறை சொல்றதுன்னே சிக்கலாகிடும். அந்த முறையில மிச்சமாகுற பணத்துக்கு அந்த ரிஸ்க்தான் விலை.

முதல்ல நோட்டீஸ் அனுப்பினோம். பதில்ல மேஸ்திரி, "60,000 பாக்கி வெச்சுக்கிட்டு என் மேலயே புகாரா?"ன்னு கேட்டார். சொல்லப்போனா அவர் கேட்டதுல நியாயம் உண்டு. நாங்க எதுக்காக நிறுத்தி வெச்சோம்னு எழுத்துல சொன்னதே இல்ல. எழுதாம பிடிச்சு வெச்ச பணம் வெறும் பாக்கியாத்தான் தெரியும். குடுத்த பணத்துலயும் பாதி கேஷ். ஜிபேல போட்ட தொகைக்குத்தான் கேள்வியே வரல.

2024 தொடக்கத்துல புகார் பதிவாச்சு. சட்டப்படி பரிசோதனை தேவைப்படுற வழக்கை 5 மாசத்துல முடிக்கணும். நடைமுறையில வாய்தா ஓடும், மனசைத் தயார் பண்ணிக்கோங்க. எங்க கேஸ்ல திருப்பம் எங்க வந்துச்சுன்னா, வக்கீல் அக்கா கமிஷனர் போடச் சொல்லி மனு குடுத்தாங்க. ஒரு அட்வகேட் கமிஷனரும் ஒரு இன்ஜினியரும் வீட்டுக்கு வந்தாங்க. மேஸ்திரியையும் வரச் சொல்லியிருந்தாங்க, வந்தார். கையை உடலுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு ஓரமா நின்னார். அம்மா அவருக்கும் காபி குடுத்தாங்க.

யாரும் தொடாத ஒரு மூலையில டைலை எடுத்தாங்க. சுர்க்கி இல்ல. இன்ஜினியர் டியூப் லெவல் பிடிச்சுப் பார்த்தார். பந்து சொன்னதையேதான் அதுவும் சொல்லிச்சு. அப்புறம் குழாயை அடைச்சு, ரெண்டு இஞ்சு தண்ணி கட்டினாங்க. வழக்கமா 24 மணி நேரமாவது விட்டுப் பார்ப்பாங்க. எங்க சீலிங்கு அவ்வளவு நேரம் தேவைப்படல. சாயங்காலமே சொட்ட ஆரம்பிச்சிடுச்சு.

அன்னைக்கு எல்லாரும் கிளம்பின பிறகு மேஸ்திரி மட்டும் வாசல்ல நின்னார். அப்பாகிட்ட சொன்னார், "சார், நீங்க அடிக்கு 200 குறைச்சப்பவே எனக்கு அதுல ஒண்ணும் நிக்கல. வேணாம்னு சொல்லியிருக்கணும். வேற வேலை கையில இல்ல, ஒத்துக்கிட்டேன்." கணக்குப் போட்டுப் பாருங்க. 400 அடிக்கு 200 ரூபா, 80,000. அப்பா மிச்சம் பண்ணினதா நினைச்ச அந்தப் பணம்தான் எங்க மாடியில இல்லாத சுர்க்கி. இதைச் சொல்றதால அவர் பண்ணினது சரின்னு ஆகிடாது. முடியாதுன்னு சொல்லியிருக்கலாம், இல்ல "இந்த ரேட்டுக்கு சுர்க்கி கிடையாது"ன்னு அந்தத் தாள்லயே அடிச்சுக் குடுத்திருக்கலாம். எழுதினதைப் போடாம, மேல டைல்ஸை வெச்சு மறைச்சது ஏமாத்துதான். ஆனா ரேட்டைக் குறைச்சப்போ எதைக் குறைக்கப் போறீங்கன்னு எங்க வீட்டுலயும் யாரும் கேக்கல.

சமரசத்துக்கு ஒத்துக்கலாமான்னு வீட்டுக்குள்ளயே சண்டை. நான் முழு நஷ்டஈடு வாங்கணும்னு நின்னேன். ஆணையம் உத்தரவு போட்டு அதை ஒருத்தர் மதிக்கலைன்னா, ஜெயில் வரைக்கும் போக சட்டத்துல இடமிருக்கு. வக்கீல் அக்கா சொன்னது வேற. "எதிர்த்தரப்பு மாநில ஆணையத்துக்கு அப்பீல் போனா இன்னும் எத்தனை மழை போகும்? உங்களுக்கு என்ன வேணும், தீர்ப்பா, ஒழுகாத ரூமா?" அப்பா உடனே சொல்லிட்டார், "ரூம்."

எழுத்துல கையெழுத்தாச்சு. மேஸ்திரி டைல்ஸை எடுத்துட்டு, வாட்டத்தோட சுர்க்கி போட்டு, குழாயைத் தாழ்த்தி, தட்டோடு பதிக்கணும். கூலி முழுக்க அவர் பொறுப்பு. பாக்கி 60,000ஐ அப்பா மெட்டீரியலுக்கு நேரா கடையிலயே கட்டிடுவார். முடிச்சதும் இன்ஜினியர் முன்னாடி 48 மணி நேரம் தண்ணி கட்டிப் பார்க்கணும். இதெல்லாம் ஆணையத்துலயே பதிவாச்சு. புகார் குடுத்ததுலேர்ந்து இதுக்கு ஒன்னேகால் வருஷம் ஆச்சு. எனக்கு இன்னமும் கொஞ்சம் வருத்தம்தான். வக்கீல் ஃபீஸ், கமிஷனர் செலவு, அம்மா ஹால்ல படுத்த மாசங்கள், எதுக்கும் ஒரு ரூபா வரல.

தண்ணி கட்டின ரெண்டு ராத்திரியும் அப்பா தூங்கல. மணிக்கு ஒரு தடவை டார்ச் அடிச்சு சீலிங்கைப் பார்த்திருக்கார். ரெண்டாவது நாள் காலையில எனக்கு ஒரு போட்டோ வந்துச்சு. வெறும் வெள்ளை சீலிங், அதுல டார்ச் வட்டம். மெசேஜ் எதுவும் இல்ல. சாயங்காலம் அம்மா போன் பண்ணி, கட்டிலை உள்ள போட்டாச்சுன்னு சொன்னாங்க.

உங்க வீட்டுல இப்போ வேலை நடந்துக்கிட்டு இருந்தா, கொட்டேஷனை போட்டோ எடுத்து அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல ஒரு சிவில் இன்ஜினியரை உக்கார வெச்சு அதை வரி வரியா படிக்கப் போறோம்.