திமிங்கலம் தரும் வருமானம்



பசிபிக் கடலில் டோங்கா என்று ஒரு சின்ன நாடு இருக்கிறது. சுமார் 170 தீவுகள். பல தீவுகளில் ஆளே கிடையாது. மொத்த மக்கள் தொகை ஒரு லட்சம்தான். பெரிய ஆலை இல்லை, சுரங்கம் இல்லை. தென்னை, கிழங்கு, மீன் இவைதான் உண்டு. நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பிழைக்கப் போனவர்கள் அனுப்பும் பணத்தில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது.

ஆண்டுதோறும் ஜூலை முதல் அக்டோபர் வரை அங்கே விருந்தாளிகள் வருகிறார்கள். கூன்முதுகுத் திமிங்கலங்கள்! தென்துருவத்துக் குளிர்கடலில் இருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி வருகின்றன. எதற்கு? பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிற மாதிரி, குட்டி போட வருகின்றன. ஒரு திமிங்கலம் 30 டன் எடை இருக்கும். மூன்று லாரிச் சுமை!

முன்பு டோங்கா மீனவர்கள் சின்னப் படகில் போய் ஈட்டி எறிந்து இவற்றைப் பிடித்தார்கள். கரையிலேயே கறி விற்றுவிடும். ஆனால் கூட்டத்தை அழித்தது அவர்கள் அல்ல. பெரிய நாடுகளின் வேட்டைக் கப்பல்கள்தான் தென்கடலில் ஆயிரக்கணக்கில் கொன்று குவித்தன. 1978-ல் டோங்கா மன்னர் வேட்டைக்குத் தடை போட்டார். யாரோ செய்த வினை, ஏழை மீனவன் சட்டியில் விழுந்தது.

1990-களில் வவாவூ என்ற தீவுக்கூட்டத்தில் புதிய தொழில் தொடங்கியது. வெளிநாட்டாரைப் படகில் கூட்டிப் போய்த் திமிங்கலம் காட்டுவது. கறவை மாட்டை அடிமாட்டுக்கு விற்றால் ஒரு தடவைதான் காசு. வைத்துக் கறந்தால் தினமும் காசு. அதே கணக்குதான் இது.

பயணி படகுக்கு மட்டுமா பணம் தருகிறார்? தங்க அறை வேண்டும். சாப்பாடு வேண்டும். சந்தையில் பெண்கள் முடைந்த பாய், கூடை வாங்குவார். படகோட்டி, சமையல்காரர், காய்கறி விற்பவர் எல்லோருக்கும் நாலு காசு கிடைக்கிறது.

ஆனால் முழுப் பணமும் ஊரில் தங்குவதில்லை. படகு எஞ்சின் வெளிநாட்டுச் சரக்கு. டீசலும் வெளிநாட்டில் இருந்துதான் வர வேண்டும். விமான டிக்கெட் பணத்தில் பெரும்பகுதி தீவுக்கு வருவதில்லை. படகு முதலாளிகளிலும் பலர் வெளியூரில் இருந்து வந்து குடியேறியவர்கள். சொந்தமாகப் படகு வாங்க உள்ளூர்க்காரரிடம் முதல் ஏது? ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். பயணிகள் எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் எண்ணினால் போதாது. ஊரில் தங்கிய காசு எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

இன்னொரு விஷயமும் உண்டு. பயணிகள் கடலில் இறங்கித் திமிங்கலத்தின் அருகே நீந்தவும் செய்கிறார்கள். தாய்த் திமிங்கலம் அந்த மாதங்களில் அநேகமாக இரை எடுப்பதில்லை. உடம்பில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துத்தான் குட்டிக்குப் பால் தருகிறது. படகுகள் சுற்றிச் சுற்றி வந்தால் அது ஓய்வில்லாமல் நகரும். தெம்பு குறையும். பிள்ளை பெற்ற வீட்டில் நாள் முழுவதும் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தால் அந்தத் தாய்க்கு எப்படி இருக்கும்? இங்குள்ள தாய்மார்களுக்குத் தெரியும்.

அதனால் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் தொழில் செய்யக்கூடாது. ஒரு நேரத்தில் நான்கு பேரும் ஒரு வழிகாட்டியும் மட்டுமே நீரில் இறங்கலாம். நல்ல விதி. ஆனால் காசு கொடுத்து வந்தவர் அவசரப்படும்போது, நடுக்கடலில் அதைக் காப்பது படகோட்டியின் கையில்தான் இருக்கிறது.

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. டோங்கா தன் எல்லைகளை மூடியது. 2022 ஜனவரியில் கடலடி எரிமலை வேறு வெடித்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் எல்லை திறந்தது. இடையில் இரண்டு பருவம் வெளிநாட்டுப் பயணிகள் இல்லை. திமிங்கலங்கள் வழக்கம்போல வந்து, குட்டி போட்டு, திரும்பிப் போயின. படகுகள் கரையில் கிடந்தன. வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் அனுப்பிய பணம்தான் அப்போது பல வீடுகளைத் தாங்கியது.