லிஸ்ட்ல பேர் இருக்கா? ஒரு ஆஸ்பத்திரி, ஒரு கிளவுட், நிறைய ஊசி

(ஆடியோ எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

டெக் பத்திப் பேசற நம்ம எபிசோட்ல இன்னைக்குப் புது போனும் கிடையாது, ஏ.ஐ.யும் கிடையாது. நான் செஞ்ச ஒரு வேலையையும், அதுல நான் விட்ட ஒரு தப்பையும் பத்திப் பேசப் போறேன்.

2021 ஜனவரி. நான் அப்போ மதுரையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஐ.டி. வேலை பார்த்துட்டு இருந்தேன். ஐ.டி.ன்னா பெருசா நினைக்காதீங்க. பிரின்டர் ஓடலைன்னாலும் நான்தான், பில்லிங் சாஃப்ட்வேர் தொங்கினாலும் நான்தான். ஜனவரி 16-ஆம் தேதி நாடு முழுக்கத் தடுப்பூசி ஆரம்பிச்சது. தமிழ்நாட்டுக்கான தொடக்க விழாவே நம்ம மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலதான் நடந்தது. முதல் சுற்று சுகாதாரப் பணியாளர்களுக்கு மட்டும். கொஞ்ச நாள்ல எங்க ஆஸ்பத்திரியிலேயும் ஒரு மையம் போட அனுமதி கிடைச்சது. மேனேஜர் கூப்பிட்டு, "தம்பி, யார் எப்ப வரணும்னு ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுத்துடு"ன்னார். ஒரு மணி நேர வேலைன்னு நினைச்சேன்.

இங்க ஒண்ணு சொல்லிடறேன். கோவின்னு அரசாங்கத்தோட தளம் இருந்ததே, அதுல ஆஸ்பத்திரிகள் தங்களோட பணியாளர் பட்டியலை மொத்தமா ஏத்தணும். ஆனா ஐ.சி.யூ. நர்ஸ் எந்த ஷிஃப்ட் முடிஞ்சு வருவாங்க, யாரை எந்த நாள் விடுவிக்கலாம்ங்கறதெல்லாம் கோவினுக்குத் தெரியாது. அதை நாங்கதான் பாக்கணும்.

அதுல என்ன கஷ்டம்னா, கோவிஷீல்டு ஒரு குப்பியில 10 டோஸ். திறந்தா 4 மணி நேரத்துக்குள்ள தீர்த்துடணும், மிஞ்சினா குப்பைதான். ஆக, ஆளுங்க பத்துப் பத்தா வரணும். போட்டதும் 30 நிமிஷம் உட்கார வச்சுக் கவனிக்கணும், அதுக்கு நாற்காலி வேணும். மறுநாள் காய்ச்சல், உடம்பு வலி வரலாம்ங்கறதால ஒரே வார்டு நர்ஸ்கள் எல்லாருக்கும் ஒரே நாள்ல போடக் கூடாது. போட்டா அடுத்த நாள் அந்த வார்டை யார் பாக்கறது? இதெல்லாம் முடிஞ்சு 28 நாள் கழிச்சு ரெண்டாவது டோஸ்.

முதல்ல நான் செஞ்சது எல்லாரும் செய்யறதுதான். ஒரு கூகுள் ஃபார்ம், அதுக்குப் பின்னாடி ஒரு ஷீட். லிங்க்கை வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். ராத்திரிக்குள்ள நிரம்பிடுச்சு. காலையில பாத்தா, 10 பேருக்கான ஒரே நேரத்துல 14 பேர். அந்த ஃபார்முக்கு "இடம் தீர்ந்துபோச்சு"ன்னு சொல்லத் தெரியலை, வந்ததை எல்லாம் வாங்கி வச்சுக்கிச்சு. தட்கல் டிக்கெட்ல கடைசி ஒரு சீட்டுக்கு நாலு பேர் ஒரே நொடியில பட்டனைத் தட்டினாலும் ஒருத்தருக்குத்தானே கொடுக்கணும்? அந்தக் காவலாளி ஃபார்ம்ல இல்லை.

அதைவிட மோசமான விஷயம் அன்னைக்கு மதியம் நடந்தது. ஒரு ஸ்டாஃப் நர்ஸ் போன் பண்ணாங்க. குரல் தாழ்ந்து இருந்தது. "அண்ணா, அந்த ஷீட்டை எல்லாரும் பாக்க முடியுமா?"ன்னு கேட்டாங்க. முடியும். லிங்க் இருந்தா யார் வேணும்னாலும் பாக்கலாம்னுதான் வச்சிருந்தேன். அப்போ இருந்த வழிகாட்டுதல்படி கர்ப்பிணிகளுக்கும் தாய்ப்பால் கொடுக்கறவங்களுக்கும் ஊசி போடக் கூடாது. அதனால ஃபார்ம்ல அந்தக் கேள்வி இருந்தது. அவங்க உண்மையைச் சொல்லியிருந்தாங்க. வீட்டுல கணவரைத் தவிர யாருக்கும் அதுவரைக்கும் சொல்லலை. மாமியாருக்கே தெரியாத விஷயம் எங்க வாட்ஸ்அப் குரூப்புக்குத் தெரிஞ்சிருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். "சரிண்ணா"ன்னாங்க. அந்த "சரிண்ணா" இன்னும் காதுல இருக்கு.

அன்னைக்கு ராத்திரியே ஷீட்டை மூடிட்டு, கிளவுட்ல சின்னதா ஒரு ஆப் கட்டினேன். கிளவுட்னா ஒண்ணும் மாயம் இல்லை, வேற ஒருத்தரோட கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுக்கறதுதான். எங்க ஆஸ்பத்திரி சர்வர் அறையில ஏ.சி. நின்னா எல்லாமே நின்னுடும், அதனால வெளியில வச்சேன். டேட்டாபேஸ்ல ஒவ்வொரு பதிவையும் ஒரு பரிவர்த்தனையா மாத்தினேன். கடைசி இடத்தை ஒருத்தர் எடுத்துட்டா அடுத்தவருக்கு அது காட்டவே காட்டாது. உடல்நிலைக் கேள்விகளுக்கான பதில் மருத்துவ அலுவலருக்கு மட்டும் தெரியும். எனக்கே தெரியாது. நிரம்பாத குழுவுக்கு ஒரு காத்திருப்புப் பட்டியல். பத்துல ஒருத்தர் வரலைன்னா பக்கத்து வார்டுல இருக்கற அடுத்தவருக்கு மெசேஜ் போகும்.

முதல் நாள் காலை 8 மணிக்குப் போக வேண்டிய நினைவூட்டல் மதியம் 1:30-க்குப் போனது. கிளவுட் சர்வர் கடிகாரம் கிரீன்விச் நேரத்துல ஓடிட்டு இருந்திருக்கு. நமக்கும் அதுக்கும் அஞ்சரை மணி நேரம். அதைச் சரி பண்ணினதும் எல்லாம் அழகா ஓடிச்சு. குப்பி வீணாகறது கிட்டத்தட்ட நின்னுபோச்சு. டீன் என்னைக் கூப்பிட்டுக் கை கொடுத்தார். நான் மிதந்துட்டு இருந்தேன்.

பிப்ரவரியில ஒரு சாயங்காலம், எங்க மாடியைக் கூட்டித் துடைக்கற அக்கா என் ரூமுக்கு வந்தாங்க. குப்பைக்கூடையை எடுத்துட்டு, கதவுகிட்ட நின்னு கேட்டாங்க.

"தம்பி, எங்களுக்கெல்லாம் எப்ப?"

"உங்களுக்கு மெசேஜ் வரலையாக்கா?"

"எங்க யாருக்குமே வரலையே. டிவியில முதல் ஊசி எங்க மாதிரி ஆளுக்குத்தானே போட்டாங்க?"

அவங்க சொன்னது நிஜம். பிரதமர் தொடங்கி வச்ச அன்னைக்கு டெல்லி எய்ம்ஸ்ல முதல் ஊசி போட்டுக்கிட்டவர் ஒரு தூய்மைப் பணியாளர். விதிமுறையும் தெளிவா இருந்தது, மருத்துவமனையில வேலை பாக்கற எல்லாரும்னு. ஆனா நான் ஆட்களை எங்கிருந்து எடுத்தேன்? சம்பளப் பட்டியல்ல இருந்து. இவங்க கான்ட்ராக்ட். சம்பளம் கொடுக்கறது ஏஜென்சி. எங்க டேட்டாபேஸ்ல இவங்க கிடையாது. கோவிட் வார்டோட குப்பையைத் தினமும் அள்ளறவங்க, என் சிஸ்டம் கணக்குல ஆஸ்பத்திரியிலேயே இல்லை. நூத்துச் சொச்சம் பேர்.

சூப்பர்வைசர்கிட்ட ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது, அதுதான் அவங்க அட்டெண்டன்ஸ். ரெண்டு ராத்திரி உட்கார்ந்து அதைப் பாத்து ஏத்தினோம். ஏத்தி முடிச்சு எண்ணினா நோட்டைவிட ஆள் குறையுது. ஏன்னு பாத்தா, நான் போன் நம்பரைத்தான் ஒவ்வொருத்தருக்கும் அடையாளமா வச்சிருந்தேன். ஒரு ஆளுக்கு ஒரு நம்பர்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன். இங்க அம்மாவும் மருமகளும் ஒரே போன். ரெண்டாவது பேரை ஏத்தினதும் முதல் பேர் அழிஞ்சுபோச்சு. கோவினே ஒரு நம்பர்ல 4 பேரை அனுமதிச்சது. நான் அனுமதிக்கலை.

இது நம்ம ஊர் கதை மட்டும்னு நினைக்காதீங்க. 2020 டிசம்பர்ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு மருத்துவமனையில முதல் 5,000 டோஸை யாருக்குக் கொடுக்கறதுன்னு ஒரு கணக்கு முறை முடிவு செஞ்சது. அங்க 1,300-க்கும் அதிகமான பயிற்சி டாக்டர்கள். பட்டியல்ல வந்தது வெறும் 7 பேர். வயசுக்கும் வேலை செய்யற துறைக்கும் மார்க் கொடுத்த முறை அது. பயிற்சி டாக்டர்கள் இளைஞர்கள், வார்டு வார்டா மாறுவாங்க, நிலையான இடம்னு எதுவும் பதிவுல கிடையாது. அவங்க போராட்டம் பண்ணினாங்க, நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. ஸ்டான்ஃபோர்டுல குரல் எழுப்பினது டாக்டர்கள். எங்க ஊர்ல ஒரு அக்கா குப்பைக்கூடையோட வந்து கேட்டாங்க. அவங்க கேட்கலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்லை.

கோவின்ல அவங்க பேரெல்லாம் ஏறி, முதல் டோஸ் போட மார்ச் தொடக்கம் ஆயிடுச்சு. 28 நாள் கணக்குல மாசக் கடைசியில ரெண்டாவது முடிஞ்சிருக்கணும். மார்ச் 22-ஆம் தேதி மத்திய அரசு கோவிஷீல்டு இடைவெளியை 8 வாரம் வரைக்கும்னு மாத்தினது. நான் 28-ங்கற எண்ணைப் புரோகிராம்ல பல இடத்துல நேரடியா எழுதி வச்சிருந்தேன், தேடித் தேடி மாத்தினேன். அது என் பிரச்சினை. அவங்க பிரச்சினை என்னன்னா, ஏப்ரல்ல ரெண்டாவது அலை வந்தப்ப டாக்டர்கள், நர்ஸ்கள்ல பெரும்பாலானவங்க ரெண்டு டோஸ் முடிச்சிருந்தாங்க. துடைக்கிறவங்களுக்கு ஒண்ணுதான்.

அந்த அக்காவுக்கு ஏப்ரல் மூணாவது வாரம் பாசிட்டிவ். ரெண்டு வாரம் வீட்டுல இருந்தாங்க, பிழைச்சு வந்தாங்க. கான்ட்ராக்ட் ஆச்சே, அந்த ரெண்டு வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. முதல் லிஸ்ட்லயே பேர் இருந்திருந்தா தொற்று வந்திருக்காதுன்னு நான் சொல்ல முடியாது. ரெண்டு டோஸ் போட்டவங்களுக்கும் வந்தது. ஆனா அந்த ஒரு மாசத் தாமதத்துக்கு வைரஸ் காரணம் இல்லை, என் லிஸ்ட்தான்.

திரும்பி வந்த அன்னைக்கு, "அக்கா, என்னாலதான் உங்களுக்கு லேட்டாச்சு"ன்னேன். "விடுங்க தம்பி, கேட்டதும் சேத்தீங்கள்ல"ன்னு சொல்லிட்டு மாப்பை எடுத்துட்டுப் போயிட்டாங்க.

இப்போ வேற கம்பெனி, வேற வேலை. எந்த ஆப் கட்ட ஆரம்பிச்சாலும் முதல்ல ஒண்ணு செய்யறேன். டேட்டாபேஸைத் திறக்கறதுக்கு முன்னாடி அந்தக் கட்டடத்துக்குள்ள ஒரு ஷிஃப்ட் முழுக்க நடந்து, யார் யார் வர்றாங்கன்னு கையால எழுதிக்கறேன். அப்புறம் அந்தப் பேப்பரையும் டேட்டாபேஸையும் ஒப்பிட்டுப் பாக்கறேன். இதுவரைக்கும் ரெண்டும் ஒருமுறைகூடப் பொருந்தலை.

உங்க ஆபீஸ்லயும் ஒரு லிஸ்ட் இருக்கும். கேன்டீன் அண்ணன், செக்யூரிட்டி அய்யா பேரெல்லாம் அதுல இருக்கான்னு நாளைக்கு ஒரு தடவை பாருங்க. இல்லைன்னா என்ன ஆச்சுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.